வன்னிக் குளத்தில் ஒரு கிழமை மீன்பிடி: ஆகஸ்டில் வரும் எட்டுப் பேருக்கு

கேள்வி இதுதான்: ஸ்காபரோவில் இருக்கும் நண்பர்கள் எட்டுப் பேர், ஒவ்வொரு வருடமும் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் ஏரிக்கரை விடுதி ஒன்றை ஒரு கிழமைக்கு எடுத்து மீன் பிடித்து வருகிறார்கள். வரும் ஆகஸ்டில் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். அதே மாதிரி ஒரு பயணத்தை வன்னிக் குளம் ஒன்றில் செய்யலாமா, எந்தக் குளம், எங்கே தங்குவது, என்ன கொண்டுவருவது? சரிவந்தால் இதை வருடாவருடம் செய்யவும் யோசிக்கிறார்கள்.

செய்யலாம் தம்பி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் அங்கே செய்வதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. அங்கே விடுதிக்காரர் படகும் மோட்டரும் தருவார். லைசன்ஸ் கையில் இருந்தால் சரி, விடிந்ததும் தண்ணீருக்குப் போகலாம், வேறு யாரையும் கேட்கத் தேவையில்லை. இங்கே குளத்துத் தண்ணீர் வயலுக்கு அளந்து விடுகிற தண்ணீர். அதிலுள்ள மீன், கரையில் வாடி (மீன்பிடிக் குடிசை) போட்டிருக்கிற குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடு. வயல் செய்கிற கமக்காரரின் நாட்காட்டியும் மீன்பிடித் தொழிலாளிகளின் நாட்காட்டியும்தான் அந்தக் குளத்தை நடத்துகின்றன. உங்கள் ஒரு கிழமையை அந்த இரண்டுக்கும் இடையில் பொருத்திக்கொண்டால் பயணம் அருமையாக இருக்கும். அதைக் கவனிக்காமல் வந்தால் குளக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. அந்த மழையில் குளம் நிரம்பும், காலபோக நெல்லுக்கும் அந்தக் காலத்தில்தான் தண்ணீர் போகும். மாசி, பங்குனியில் அறுவடை. அதற்குப் பிறகு குளத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அரச அதிபர் தலைமையில் கூட்டம் வைத்து, சிறுபோகம் (கோடையில் செய்கிற இரண்டாவது நெற்செய்கை) எத்தனை ஏக்கருக்குச் செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், குளம் இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் வரும் ஆகஸ்ட் இந்த இறக்கத்தின் அடிப்பகுதி. ஆகவே எந்தக் குளத்துக்குப் போவது என்று இப்போதே ஒற்றைக்காலில் நிற்க வேண்டாம். ஏப்ரலில் இங்குள்ள யாரையாவது கேளுங்கள்: இந்த வருடம் சிறுபோகம் எத்தனை ஏக்கர்? நிறைய ஏக்கர் என்றால் குளத்தில் நல்ல தண்ணீர் இருந்திருக்கிறது. குறைய ஏக்கர் என்றால் ஆகஸ்டில் சின்னக் குளங்களில் சேறுதான் மிஞ்சும். இந்த ஒரு கேள்வி, எந்த வானிலை அறிக்கையையும்விட உங்களுக்கு உதவும்.

தண்ணீர் இறங்குவது மீன் பிடிக்கிறவனுக்குக் கெட்ட செய்தி இல்லை. பரந்து கிடந்த மீன் ஒடுங்கிய தண்ணீரில் சேர்ந்து நிற்கும். தொழிலாளிகளுக்கும் அது நல்ல பிடிபாடு உள்ள காலம். ஆகஸ்டின் ஒரே கரைச்சல் தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று. காலை ஒன்பது, பத்து மணிக்குக் காற்று எழும்பினால் பெரிய குளங்களில் அலை அடிக்கத் தொடங்கும், சிறிய வள்ளத்தில் நிற்க முடியாது. ஆகவே விடியற்புறம் நாலரைக்குக் கரையில் நிற்க வேண்டும், ஒன்பதுக்குள் கரை ஏற வேண்டும். பின்னேரம் காற்று தணிந்தால் கரையிலிருந்து ஒரு மணித்தியாலம் தூண்டில் போடலாம். நாள் முழுக்கப் படகில் இருக்கிற கனடாப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சிலர் மார்கழி விடுமுறைக்கு வந்து, குளம் நிரம்பி வான் பாயும்போது (மேலதிகத் தண்ணீர் வழிந்து ஓடும்போது) மீன் பிடிக்க ஆசைப்படுவார்கள். வான் பாயும் இடத்தில் மீன் துள்ளுவது உண்மைதான், ஊர்ப் பொடியள் அங்கே வலையோடு நிற்பதும் உண்மைதான். தயவுசெய்து நீங்கள் அதற்குப் போகாதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சிப் பக்கம் எவ்வளவு தண்ணீர் போனது என்று பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். கரையில் நிற்கும்போது முழங்காலளவு என்று தெரிவது, கால் வைத்த பிறகு ஆளையே புரட்டும்.

சரி, எந்தக் குளம். ஆகஸ்டுக்கு நான் முதலில் சொல்வது இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது, பிறகு பல தடவை அணைக்கட்டை உயர்த்தினார்கள், இப்போது முழுக் கொள்ளளவு 36 அடி. வட மாகாணத்திலேயே பெரிய குளம் என்பதால் வறண்ட வருடத்திலும் ஆழமான பகுதி மிஞ்சும். ஏ9 வீதியிலிருந்து கிட்ட, கிளிநொச்சி நகரமும் ஆஸ்பத்திரியும் கிட்ட. எட்டுப் பேர் முதல் தடவை வருகிறீர்கள் என்றால் இந்தக் கிட்ட என்பது பெரிய விஷயம். குறை என்னவென்றால் பின்னேரங்களில் குளக்கட்டில் ஆட்கள் கூட்டம்.

முத்தையன்கட்டு இன்னொரு வகை. மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போய், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில். பேராற்றின் குளம், சுற்றிக் காடு. அழகு என்று பார்த்தால் வன்னியில் இதற்கு மேல் எனக்கு ஒன்று தோன்றவில்லை. காடு என்றால் யானையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். வவுனிக்குளம் மேற்குப் பக்கம், மல்லாவிக்குக் கிட்ட, பாலியாற்றின் பழைய குளம், 1950களில் திருத்தியது. அமைதியான இடம், மாசி பங்குனியில் வந்தால் நான் அங்கேதான் அனுப்புவேன். மன்னார்ப் பக்கக் கட்டுக்கரைக்குளத்தின் பெயரைக் கேட்டுச் சிலர் ஆசைப்படுவார்கள். அது பரந்த குளம், ஆனால் ஆழம் இல்லாதது. ஆகஸ்டில் மாடு மேய்கிற தரையாகக் கிடக்கும். அதோடு அது 1954இலிருந்து சரணாலயம். பறவை பார்க்க மாரியில் போங்கள், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு. சுண்டிக்குளமும் அப்படித்தான், 2015இலிருந்து தேசியப் பூங்கா.

இப்போது முக்கியமான காரியம். ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் நன்னீர் மீன்பிடிச் சங்கம் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அந்தக் குளத்தில் ஒரு தூண்டிலும் போட வேண்டாம். வள்ளம், வலை, யார் எந்தப் பக்கம் தொழில் செய்வது, எந்த நாள் ஓய்வு என்பதெல்லாம் சங்கத்தின் ஒழுங்கில் நடக்கிறது. 8.5 சென்ரிமீற்றருக்குச் சிறிய கண்ணுள்ள வலை குளங்களில் கூடாது என்பது சட்டம். அதை மீறி இரவில் வருகிறவர்களோடு சண்டைபிடித்துக் குளத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களும் இவர்கள்தான். 1990இலிருந்து 1994 வரை அரசாங்கமே நன்னீர் மீன்பிடிக்கு ஆதரவு கொடுக்காமல் விட்டது. அதோடு யுத்தம். 2008, 2009இல் இந்தக் குளக்கரைச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து திரும்ப எழுப்பிய தொழில் இது. வெளிநாட்டிலிருந்து வருகிற எட்டுப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தூண்டில் போட்டால் அவர்கள் மனம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே ஊரில் உள்ள உறவினர் யாரையாவது சங்கத் தலைவரிடமோ செயலாளரிடமோ நேரில் அனுப்புங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், தூண்டில் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லட்டும். மாவட்ட மீன்பிடி அலுவலகத்தில் ஏதும் அனுமதி எடுக்க வேண்டுமா என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். வள்ளத்துக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால் பலர் வெட்கத்தில் ‘பரவாயில்லை, தாறதைத் தாங்கோ’ என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களை ஏற்றிக்கொண்டு போகிற அன்று அவர் தன் தொழிலை விடுகிறார். அன்றைய பிடிபாட்டின் பெறுமதி, அதற்கு மேல் ஒரு நாள் கூலி, அதுதான் நியாயம். சங்கத்துக்குக் கொடுக்கிற காசுக்கு ரசீது வாங்குங்கள், கணக்கு எழுதுகிறவருக்கும் அது நல்லது.

குளத்து வள்ளம் சின்னது. தண்டு வலிப்பதுதான், மோட்டர் இல்லை. ஓட்டுகிறவரோடு ஒரு ஆள், மிஞ்சினால் இரண்டு பேர். எட்டுப் பேருக்கு நாலு, ஐந்து வள்ளம் வேண்டும். எழுந்து நின்று தூண்டிலைச் சுழற்றி எறிகிற வேலை இதில் நடக்காது. உயிர்காப்பு அங்கி உங்களுடையதைக் கொண்டுவாருங்கள், இங்கே வள்ளத்தில் இருக்காது. திரும்பும்போது அவற்றைச் சங்கத்திடம் விட்டுப் போனால் அதைவிடப் பயனுள்ள அன்பளிப்பு வேறு இல்லை.

தங்குவதற்கு, நீங்கள் நினைக்கிற மாதிரி கரையிலேயே படகுத்துறையோடு கூடிய மரவீடுகளை இந்தக் குளங்களில் எதிர்பார்க்க வேண்டாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விடுதிகள் உண்டு, மாங்குளத்திலும் தங்கலாம். திணைக்கள விடுதிகள் சிலவற்றை முன்கூட்டி எழுதி எடுக்கலாம், ஆனால் உத்தியோகத்தர் யாரும் வந்தால் அவர்களுக்குத்தான் முதலிடம். என்னைக் கேட்டால் குளத்தடிக் கிராமத்தில் ஒரு வீட்டை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுங்கள், சங்கத்துக்காரரே பார்த்துத் தருவார்கள். கிணற்றடி, பெரிய முற்றம், சமைக்க ஒரு அம்மா. விடுதியில் இருந்தால் காலை நாலரைக்கு வாசற்கதவு திறக்க ஆள் தேட வேண்டும்.

அப்புறம் மீன். நீங்கள் அங்கே பிடிக்கிற வோல்ஐயும் பைக்கும் மற்ற மீனைத் துரத்திப் பிடித்துத் தின்கிற மீன்கள். இங்கே குளத்தில் கூடுதலாக இருப்பது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன், இன்றைக்கு வன்னிக் குடும்பங்களின் கறிச்சட்டியே அதை நம்பித்தான் இருக்கிறது. அது பாசியும் அடியில் கிடக்கிற சத்தையும் மேய்கிற மீன், மினுங்குகிற தகட்டைத் துரத்தி வராது. மண்புழு, பாண் துண்டு, கோதுமை மாவைப் பிசைந்த உருண்டை, இவைதான் அதற்கு இரை. சின்னத் தூண்டில், மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்), மெல்லிய மிதப்பு. அது இழுத்துக்கொண்டு ஓடாது. மிதப்பு லேசாகச் சரியும், அல்லது ஒரு பக்கமாக நகரும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மணிக்கட்டை மட்டும் உயர்த்தினால் போதும். பெரிய இழுவைக்குக் காத்திருந்தால் இரை போயிருக்கும், தூண்டில் வெறுமையாக இருக்கும். ரோகு, கட்லா, மிரிகால், சாதாரண கெண்டை எல்லாம் குஞ்சாக விட்டு வளர்ப்பவை. எள்ளுப் புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து போட்டால் அவை வரும். அவற்றில் ஐந்து, ஆறு கிலோ மீன் மாட்டினால் உங்கள் கனடாத் தடிக்கு வேலை இருக்கும்.

உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான விளையாட்டு விரால். தாமரையும் அல்லியும் படர்ந்த ஓரங்களில் நிற்கும். காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் இடையிடையே மேலே வந்து ஒரு வாய் எடுத்துவிட்டுப் போகும். இலைகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு சிறு வட்டமாகக் கலையும், சின்னச் சத்தம் ஒன்று கேட்கும். அந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, ஒரு பாகம், அதாவது இரு கையும் விரித்த அளவு, தள்ளித் தவளைப் பொம்மையைப் போட்டு இலைக்கு மேலால் மெல்ல இழுத்து வாருங்கள். விரால் எடுத்தால் தயங்காமல் எடுக்கும், எடுத்தவுடன் கொடிக்குள் நுழையும். அதற்குத்தான் தடித்த பின்னல் நூலும் கொடியில் சிக்காத தூண்டிலும் கொண்டுவரச் சொல்கிறேன், இந்தச் சாமான்கள் இங்கே கிடைப்பது கஷ்டம். மழை தொடங்கும் காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்க, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே தூண்டில் போட்டால் காவல் நிற்கிற மீன் கட்டாயம் கடிக்கும், குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகும். ஆகஸ்டில் உங்களுக்கு இது வராது. வேறு மாதம் வந்தால் நினைவில் வையுங்கள்.

சுங்கானும் கெளிறும் மாட்டினால் வெறுங்கையால் தொட வேண்டாம், வள்ளக்காரரைக் கழற்றச் சொல்லுங்கள். சுங்கானின் பக்க முள்ளில் விஷம் இருக்கிறது. குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருங்கள், கடுப்பு இறங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு விடியற்காலையாவது தூண்டிலை வைத்துவிட்டு, வலை எடுக்கப் போகிறவரோடு போங்கள். இந்தப் பயணத்திலேயே பெறுமதியானது அதுதான் என்று நான் நினைக்கிறேன். பின்னேரம் விட்ட வலையை இருட்டோடு இருட்டாக எடுப்பார்கள். வெற்றுப் போத்தலும் பழைய செருப்பு வெட்டிய துண்டும்தான் மிதப்பு. ஒருவர் வள்ளத்தைப் பிடிக்க, மற்றவர் வலையை மடியில் அள்ளிக்கொண்டே வருவார். திலாப்பியா வலைக் கண்ணில் செவுளோடு இறுகி நிற்கும். அதைப் பின்னால் இழுத்தால் வராது. முதுகு முள்ளை உள்ளங்கையால் வால் பக்கமாகப் படுக்கவைத்து, தலையை முன்னுக்குத் தள்ளி, நூலைச் செவுள் மூடிக்கு மேலால் ஒரு விரலால் எடுத்துவிடுவார். பார்க்க ஒரு நொடி வேலை, செய்து பாருங்கள், கை கிழியும். சில மீன்களைத் தூக்கும்போது தாடை உப்பியிருக்கும். வள்ளத்துக்குள் போட்டதும் வாயிலிருந்து அரிசியளவு குஞ்சுகள் கொட்டும். தாய்த் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் மூன்று கிழமை மட்டில் வாயிலேயே வைத்திருக்கும், அவ்வளவு நாளும் சாப்பிடாது. உங்கள் கையில் அப்படி ஒரு மீன் கிடைத்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். கரைக்கு வரும்போது மோட்டார் சைக்கிளில் றெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி கட்டிய வியாபாரிகள் தராசோடு நிற்பார்கள். ஏழு மணிக்குள் அந்த மீன் மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டு வாசலில் நிற்கும்.

பிடித்துப் படம் எடுத்துத் திருப்பி விடுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கலாம். குஞ்சு மீனையும் தாய் மீனையும் விடுங்கள், அது சரி. கறிக்கு உதவுகிற மீனைத் தொழிலாளிக்கு முன்னால் தண்ணீரில் எறிவது இங்கே பார்வைக்கு நல்லாயிருக்காது. அன்றைய சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வள்ளக்காரரிடம் கொடுங்கள், அவர் விற்கட்டும்.

பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படத்தான் வேண்டும். முதலை எல்லாப் பெரிய குளத்திலும் உண்டு, தண்ணீர் இறங்கிய காலத்தில் அதுவும் ஒடுங்கிய தண்ணீரில்தான் நிற்கும். ஒன்ராறியோவில் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் படகோரம் தண்ணீரில் விட்டு வைப்பீர்கள் அல்லவா, அதை இங்கே செய்யவே கூடாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுவது, கரையில் மீன் வெட்டிக் குடலைத் தண்ணீரில் எறிவது, இரண்டும் வேண்டாம். ஊர்ச்சனம் குளிக்கிற துறை எது என்று கேட்டு அங்கே மட்டும் குளியுங்கள். யானை பொழுதுபடும் நேரத்தில் அலைகரைப் பக்கம், அதாவது குளத்தின் தண்ணீர் ஓரத்துக்கு, தண்ணீர் குடிக்க வரும். முத்தையன்கட்டில் இருந்தால் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், இரவில் காட்டு வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். புடையன் பாம்புக்காகக் கையில் டோர்ச், காலில் சப்பாத்து.

இன்னொன்றும் இருக்கிறது. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் முழுதாக முடியவில்லை. சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் மாடும் ஆளும் நடக்கிற தடத்தை விட்டுக் காட்டுக்குள் போகாதீர்கள். தண்ணீர் வற்றிய தரையில் துருப்பிடித்த எதுவும் கிடந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலும் வயல் சார்ந்த இடங்களில் வருவது. கால் கையில் வெட்டுக் காயத்தோடு சேற்றில் இறங்க வேண்டாம். கனடாவுக்குத் திரும்பி இரண்டு, மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், குளத்துத் தண்ணீரில் நின்ற விஷயத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராக அதை நினைக்க மாட்டார்.

சமையலுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் குளத்து மீனில் சேறு மணக்கிறது என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது உண்மை. பாசியிலும் அடிமண்ணிலும் உண்டாகிற ஒரு பொருள் மீனின் உடம்பில் சேர்வதால் வருவது, தண்ணீர் குறைந்த காலத்தில் கூடுதலாக இருக்கும். வெட்டுகிற முறையில் அதைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். செதிலைச் சுரண்டி, பூவை (செவுளை) முழுதாக எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கிற கறுப்புத் தோலை விரலால் உரித்துவிட வேண்டும். பலர் விடுவது அதைத்தான். பிறகு கல்லுப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசறிக் கால் மணித்தியாலம் வைத்து, இரண்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். புளி அந்த மணத்தை உடைக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி, முறுகப் பொரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் மேலே போட்டால் கடல் மீனைக் கேட்க மாட்டீர்கள். குழம்பு வைப்பதென்றால் பழப்புளி கொஞ்சம் கூட, வெந்தயம், கடைசியில் தேங்காய் முதற்பால். பாலை விட்ட பிறகு அகப்பை போட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள், திலாப்பியா சதை மெதுவானது, உடையும். விரால் வழுக்கும், அடுப்புச் சாம்பல் போட்டுப் பிடித்துத் தோலை உரிக்க வேண்டும். இறுகிய சதை, முள் குறைவு. சத்திரசிகிச்சை முடிந்தவருக்கு ஊரில் விரால் தேடுவார்கள். எனக்கு விராலை மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டுத் தண்ணியாக வைத்து, சிவப்பரிசிப் புட்டோடு சாப்பிடுவதுதான் பிடிக்கும்.

ஆனால் ஆகஸ்டில் ஒன்றைக் கவனியுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகள் உண்டு, வன்னியிலும் உண்டு. வெள்ளிக்கிழமையில் பல வீடுகளில் மீன் அடுப்பேறாது. சமைக்கிற அம்மாவிடம் முதலே கேட்டு, அவருடைய விரத நாளில் நீங்களும் மரக்கறியோடு இருங்கள். அல்லது அன்றைக்கு மட்டும் முற்றத்தில் கல் வைத்து நீங்களே சமையுங்கள், அவருடைய சட்டியில் வேண்டாம். மான், மரை, பன்றி இறைச்சி கிடைக்குமா என்று யாரையும் கேட்காதீர்கள். மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். நீங்கள் காசு காட்டினால் யாரோ ஒரு ஏழைப் பொடியன் துவக்கோடு காட்டுக்குப் போவான், பிடிபடுவதும் அவன்தான். குடிக்கிறவர்கள் வீட்டு வளவுக்குள் குடியுங்கள், குளக்கட்டில் வேண்டாம். இரணைமடுக் கட்டோரம் கனகாம்பிகை அம்மன் இருக்கிறா, பெண்கள் குளிக்கிற துறையும் அந்தப் பக்கம்தான். போத்தல் உடைந்தால் காலில் குத்துவது மீன்காரருக்கு.

வருவதற்குக் கொழும்பிலிருந்து எட்டுப் பேருக்கு வான் வண்டி பிடிப்பது சுகம், தடிகள் நீளமானவை. யாழ்தேவி ரயிலில் வந்தும் கிளிநொச்சியில் இறங்கலாம்.

இனி வருடாவருடம் என்கிற கதை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு குளம் என்று சுற்றாதீர்கள். ஒரே குளத்துக்கு, ஒரே சங்கத்திடம், ஒரே கிழமையில் வாருங்கள். இரண்டாம் வருடம் வள்ளக்காரருக்கு உங்களில் யாருக்குப் பொறுமை இருக்கிறது, யாரை விரால் ஓரத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று தெரிந்திருக்கும். மூன்றாம் வருடம் கேட்காமலே மண்புழு கிண்டி வைத்திருப்பார். அதோடு, குளத்திலிருந்து எடுப்பதோடு நிற்காமல் குளத்துக்குள் போடவும் உங்களால் முடியும். மழை முடிந்து குளம் நிரம்பியதும் தை, மாசி அளவில் மீன்குஞ்சு விடுவார்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபை மூலமாகவும் சங்கத்தின் சொந்தக் காசிலும் அது நடக்கிறது. சங்கங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு அந்தக் காசில்தான். எட்டுப் பேரும் ஒன்ராறியோ விடுதியில் ஒரு இரவுக்குக் கொடுக்கிற காசைச் சேர்த்து, மார்கழியிலேயே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மீன்குஞ்சுக்கென்று அனுப்புங்கள். எந்த இனம், எத்தனை குஞ்சு என்பதை அவர்களும் அதிகார சபையும் முடிவு செய்யட்டும், நீங்களாக எதையும் வாங்கிக் குளத்தில் விட வேண்டாம். தையில் விட்ட குஞ்சு ஆகஸ்டில் கறிக்கு உதவுகிற அளவுக்கு வந்திருக்கும்.

குளம் எது என்பதை ஏப்ரலில் முடிவு செய்யுங்கள், சங்கத்துக்கு ஜூனில் ஆளை அனுப்புங்கள். சிறுபோகக் கூட்டம் முடிந்ததும் எந்தக் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று நான் கேட்டு எழுதுகிறேன்.